தம்ம சேது விபஸ்ஸனா முகாம்: ஒரு குடும்பநல வக்கீலின் பார்வையில்

சென்னையை ஒட்டிய திருமுடிவாக்கத்தில் இருக்கிறது தம்ம சேது. தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்கா வழியில் விபஸ்ஸனா என்ற பௌத்த தியானமுறையைக் கற்றுத்தரும் மையம். 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு அவர் முகாம் நடத்தியதைப் படித்ததிலிருந்தே எனக்கு இதில் ஒரு ஈர்ப்பு. குடும்பநல நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன். குழந்தை யாரிடம் வளர்வது என்ற வழக்குகள்தான் அதிகம். கட்சிக்காரரின் கோபம் நாளடைவில் வக்கீலுக்கும் ஒட்டிக்கொள்ளும். கூண்டில் நிற்கும் எதிர்த்தரப்புப் பெண்ணும் ஒரு தாய் என்பதே மறந்துபோகும். அதற்காகத்தான் போனேன்.

10 நாள் முகாம். கைபேசியை வாங்கி வைத்துவிடுவார்கள். பேசக்கூடாது, படிக்கக்கூடாது, எழுதக்கூடாது. காலை 4 மணிக்கு மணி அடிக்கும். சைவச் சாப்பாடு, எளிமையாக நன்றாக இருந்தது. மதியச் சாப்பாடு 11 மணிக்கே. மாலை 5 மணிக்குப் பழமும் டீயும், அதோடு சரி.

முதல் மூன்று நாள் மூச்சை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் விபஸ்ஸனா தொடங்கும்: தலையிலிருந்து கால் வரை உடம்பில் எழும் உணர்வுகளை, விரும்பாமல் வெறுக்காமல், பார்த்துக்கொண்டே போவது. அப்புறம் தினமும் மூன்று முறை, ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். முழங்கால் வலி உயிரை வாங்கும். ஆனால் நான் கற்றதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான். என்றைக்கோ எதிர்த்தரப்பு வக்கீல் சொன்ன ஒரு சொல் நினைவுக்கு வரும். உடனே நெஞ்சு சூடாகும், தாடை இறுகும். எழுந்து போகவும் முடியாது, யாரிடமும் புலம்பவும் முடியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது தானாகத் தணியும். கோபம் வாய்க்கு வருவதற்கு முன் உடம்புக்கு வந்துவிடுகிறது என்பதை அங்கேதான் கண்டேன்.

பத்தாம் நாள் மைத்ரி தியானம். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும் என்று மனதார நினைப்பது. இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு வெறும் வாய்வார்த்தையாகப் போயிருக்கும். கடைசியில் வந்ததால், அப்போது நான் நடத்திக்கொண்டிருந்த வழக்கின் எதிர்த்தரப்புப் பெண்ணையும் அதில் நினைக்க முடிந்தது.

திரும்பி வந்து அதே வழக்கை நடத்தினேன். விட்டுக்கொடுக்கவில்லை. குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். அந்தப் பெண்ணை அழவைக்க மட்டுமே உதவும் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. என் கட்சிக்காரருக்கு அதில் வருத்தம்தான். உட்கார்ந்து பேசிப் புரியவைத்தேன்.

கட்டணம் கிடையாது. முன்பு முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. நீங்களும் முடித்த பிறகுதான் தரலாம். முகாம் நாட்களில் பூஜை, ஜபம், தொழுகை எல்லாவற்றையும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். நாள் தவறாமல் கும்பிடுகிறவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம், விண்ணப்பத்திலும் மறைக்காதீர்கள். நம் தொழிலில் இருப்பவர்கள் கோடை விடுமுறையில் போவது நல்லது. ஊர் திரும்பிய மறுநாளே வாய்தா இருந்தால் நீதிமன்றச் சத்தம் தாங்காது.