ஹேவன் கேம்: ரெண்டு கண்ட்ரோலர், ஒரு சோஃபா

போன மாசம் ஒரு ரெண்டு வாரம் நைட்டு சாப்பாட்டுக்கு அப்புறம் போன நோண்டாம நானும் எங்க வீட்டுக்காரரும் சோஃபால உக்காந்து ஒரு கேம முடிச்சோம், பேரு ஹேவன். புதுசெல்லாம் இல்ல, 2020 டிசம்பர்ல பிசி, எக்ஸ்பாக்ஸ், பிஎஸ்5க்கு வந்துச்சு, 2021 பிப்ரவரில பிஎஸ்4, ஸ்விட்ச்சுக்கும் வந்துடுச்சு. பண்ணது தி கேம் பேக்கர்ஸ்னு ஒரு பிரெஞ்சு ஸ்டூடியோ. இதுக்கு முன்னாடி ஃப்யூரினு முழுக்க முழுக்க பாஸ் ஃபைட்டாவே (அதாவது பெரிய வில்லன் கூட ஒத்தைக்கு ஒத்த சண்டை) ஒரு கேம் விட்டவங்க, அத ஆடும்போது எங்க வீட்டுக்காரர் கண்ட்ரோலர செவுத்துல அடிக்காதது ஒண்ணு தான் பாக்கி. அதே ஆளுங்களா இப்படி ஒரு சாதுவான கேம பண்ணாங்கன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம் தான்.

கதை சிம்பிள். யூ ஒரு பொண்ணு, கே ஒரு பையன். அவங்க ஊர் பேரு ஏபியரி, அங்க யாருக்கு யார் ஜோடின்னு மேட்ச்மேக்கர் தான் முடிவு பண்ணும். பத்து பொருத்தம் பாக்குற வேலைய மொத்தமா ஒரு சிஸ்டம் கைல குடுத்துட்டாங்கன்னு வச்சுக்கோங்க, மாட்டேன்னு சொல்ல வழியே இல்ல. இதுங்க ரெண்டும் அதுக்கு ஒத்துக்காம சோர்ஸ்னு ஒரு ஆளில்லா கிரகத்துக்கு ஓடி வந்துடுச்சுங்க. நெஸ்டுனு ஒரு சின்ன விண்கலம், அதான் வீடு, அதுவும் ரிப்பேராயிடுது, பார்ட்ஸ் தேடி தீவு தீவா சுத்தணும்.

ஆனா நான் உக்காந்தது அந்த பார்ட்ஸுக்காக இல்ல. லவ்வ சொல்றதுக்கே ரெண்டரை மணி நேரம் எடுத்துக்குற கதைங்கள பாத்து வளந்தவ நான், இங்க கேம் ஆரம்பிக்கும்போதே லவ் முடிவாயிடுச்சு, யாரும் யாரையும் துரத்தல. வெளிய சுத்தி பொறுக்கிட்டு வந்த பழம் கிழங்க கலந்து சமைக்குதுங்க, எதிர் எதிர்ல உக்காந்து சாப்பிடுதுங்க, ஒண்ணு கிண்டல் பண்ணா இன்னொண்ணு மூஞ்ச தூக்கி வச்சிக்குது, பத்து நிமிஷத்துல ராசியாயிடுதுங்க. ஒரு நாள் அடுப்பு முன்னாடி நடக்குற ஒண்ணுமில்லாத ஒரு பேச்ச கேட்டுட்டு இவர் என்ன திரும்பி பாத்தாரு, ஏன்னா அதே பேச்சு அன்னைக்கு சாயங்காலம் எங்க கிச்சன்ல, மாவு அரைக்கிறது யாருன்னு நடந்துருந்துச்சு. வசனம் எழுதுனவங்களுக்கு ஒரு கும்பிடு. சில இடத்துல கொஞ்சம் ஓவரா கொஞ்சிக்கும், கெட்ட வார்த்தை, படுக்கை பேச்செல்லாம் ஃப்ரீயா வரும், அதனால மாமியார் ஹால்ல இருக்கும்போது போடாதீங்க, நாங்க ஒரு தடவ மாட்டிக்கிட்டு மியூட் பட்டன தேடி அலைஞ்சோம்.

இப்படி பேசுறது சேந்து சாப்பிடுறதுக்கெல்லாம் கூட அவங்க உறவ காட்டுற ஒரு கோடு ஏறும், அது நிறைஞ்சா லெவல் அப், ரெண்டு பேருக்கும் பலம் கூடும். வாள் வாங்குனேன் கவசம் வாங்குனேன்னு ஒரு தலைவலியும் கிடையாது.

சுத்துறது எப்படின்னா நடக்குறத விட சறுக்குறது தான் ஜாஸ்தி. புல்லுக்கு மேல கை கோத்துகிட்டே ஐஸ்ல போற மாதிரி போகும், அங்கங்க ஃப்ளோனு நீல கலர்ல நூல் மாதிரி ஓடும், அத பிடிச்சிட்டு வளைஞ்சு வளைஞ்சு போனா உயரத்துக்கும் ஏறலாம், பின்னாடி டேஞ்சர்னு ஒரு பிரெஞ்சு எலக்ட்ரானிக் ஆர்ட்டிஸ்ட் போட்ட மியூசிக் வேற, முத ரெண்டு மணி நேரம் மிஷன் என்னன்னே மறந்துட்டு சும்மா சறுக்கிட்டு இருந்தோம். தரைல ரஸ்ட்னு ஒரு கருஞ்சிவப்பு அழுக்கு அப்பிருக்கும், அது மேல சறுக்குனா சுத்தமாயிடும். முதல்ல ஜாலியா தான் இருந்துச்சு, இருபதாவது தீவுலயும் அதே அழுக்குனா வீட்டுல மாப் போடுற ஃபீலிங் வந்துடுது. வழி கண்டுபிடிக்கிறதும் கொஞ்சம் எரிச்சல், ஓரமா குட்டி மேப் இருக்கும்னு எதிர்பாக்காதீங்க, வந்த பாலத்துக்கே மூணு தடவ திரும்பி வந்தோம்.

சண்ட வித்தியாசமா இருக்கு. ஆளுக்கு நாலு ஆக்‌ஷன், பட்டன அமுக்கி பிடிச்சு சார்ஜ் ஏத்திட்டு விடணும், ரெண்டு பேரும் ஒரே அடிய ஒரே நேரத்துல விட்டா சேந்து பெருசா ஒரு அடி விழும். மிருகங்கள கொல்றதில்ல, ரஸ்ட் பிடிச்சு வெறியேறி இருக்கும், அடிச்சு களைச்சு விட்டு கடைசில சாந்தப்படுத்தணும். "இரு இரு, இப்ப விடு"ன்னு நான் கத்த, இவர் அதுக்குள்ள விட்டுருப்பாரு. தனியா ஆடுனா எடது கைல ஒருத்தர், வலது கைல ஒருத்தர், ட்ரை பண்ணேன், எனக்கு வெரல் முறுக்கிக்கிச்சு. அதனால இத தனியா ஆட வாங்காதீங்கன்னு தான் சொல்லுவேன், கூட உக்கார ஆள் இருந்தா மட்டும் வாங்குங்க, அதுவும் சேல்ல.

2022ல ஒரு அப்டேட்ல ரெண்டும் பொண்ணா (ரெண்டு யூ), இல்ல ரெண்டும் பையனா (ரெண்டு கே) ஜோடிய மாத்திக்கலாம்னு குடுத்துட்டாங்க, இலவசம் தான். முழுசா முடிக்க எங்களுக்கு 15 மணி நேரம் கிட்ட ஆச்சு. கடைசில ஒரு முடிவு எடுக்க சொல்லுவாங்க, என்னன்னு சொல்ல மாட்டேன். நாங்க கேம அப்படியே நிறுத்தி வச்சிட்டு அரை மணி நேரம் பேசுனோம். அவர் சொன்னத தான் அமுக்குனோம், அது தப்புன்னு இப்பவும் சொல்லிட்டிருக்கேன்.