கடைக்காகத் திறந்த இரண்டாவது ஃபேஸ்புக் கணக்கை நீக்கிய பின்: ஓராண்டுக்கு மேலான அனுபவம்

2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, குடியாத்தத்தில் எங்கள் குடும்பத் தறிகளில் நெய்த லுங்கிகள் மொத்த வியாபாரிகளுக்குப் போக வழியில்லாமல் வீட்டிலேயே தேங்கின. அவற்றை நேரடியாக விற்பதற்காக, என் சொந்தக் கணக்கு இருக்க, கடைப் பெயரில் இரண்டாவது ஃபேஸ்புக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். அதன் கீழ் ஒரு பக்கத்தையும், அதனுடன் இணைந்த ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கையும் நடத்தி வந்தேன். ஆற்காடு, ராணிப்பேட்டை, பள்ளிகொண்டா என்று பல ஊர்களிலிருந்து ஆர்டர்கள் வந்தன. பின்னர் விற்பனை கடைக்கும் வாட்ஸ்அப்புக்கும் திரும்பிவிட்டதால் அந்த ஃபேஸ்புக் கணக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதை நிரந்தரமாக நீக்கி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. நீக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை எவை, நீக்கிய பின் எவை போகின்றன, எவை தங்குகின்றன என்பதை இத்தனை மாத அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

பயன்படுத்தாத கணக்கு ஒரு மூலையில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கணக்கு சும்மா கிடப்பதில்லை. நான் கேட்காமலேயே, கடவுச்சொல்லை மாற்றுவதற்கான குறியீட்டு எண் அடிக்கடி என் தொலைபேசிக்கு வரத் தொடங்கியது. அந்தக் கணக்கின் மெசஞ்சரில் வாடிக்கையாளர்கள் அனுப்பிய வீட்டு முகவரிகளும், தொலைபேசி எண்களும், பணம் செலுத்தியதற்கான ஸ்கிரீன்ஷாட்டுகளும் இருந்தன. யாரேனும் உள்ளே நுழைந்துவிட்டால் என் படங்கள் போவதைவிட அவர்களுடைய விவரங்கள் போவதே எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. நம்மை நம்பிக் கொடுத்த முகவரியைத் தேவை முடிந்த பிறகும் வைத்திருப்பது முறையல்ல என்பதே நான் நீக்க முடிவு செய்ததற்கு முதற்காரணம். தங்கள் தரவை அழிக்கும்படி கோரும் உரிமை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. ஒருவர் கேட்டுத்தான் அழிக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஃபேஸ்புக்கில் இரண்டு வழிகள் உள்ளன. தற்காலிகமாக முடக்கினால் கணக்கு பிறர் கண்ணில் படாது. ஆனால் தரவு முழுவதும் அப்படியே இருக்கும், மெசஞ்சரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம், மறுபடி லாகின் செய்த உடனே கணக்கு உயிர்பெற்றுவிடும். வேறொரு செயலியில் ஃபேஸ்புக் வழியாக நுழைந்தாலும் இதே கதைதான். நிரந்தரமாக நீக்கினால் 30 நாள்கள் அவகாசம் உண்டு. அதற்குள் மனம் மாறினால் லாகின் செய்து நீக்கத்தை ரத்து செய்யலாம். அந்த அவகாசம் முடிந்த பின் திரும்பப் பெற வழியே இல்லை. நாம் பதிவேற்றியவை நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து முழுவதும் அழிய, நீக்கக் கோரிய நாளிலிருந்து 90 நாள்கள் வரை ஆகலாம் என்று அந்நிறுவனமே தெரிவிக்கிறது. கொஞ்ச நாள் ஒதுங்கியிருக்க விரும்புகிறவருக்கு முடக்குவதே போதும். பிறருடைய விவரங்கள் அடங்கிய கணக்குக்கு அது எந்தப் பாதுகாப்பும் ஆகாது என்பது என் கருத்து.

நீக்கும் பொத்தானைத் தொடுவதற்கு முன்புதான் உண்மையான வேலை இருக்கிறது. கடைப் பக்கத்துக்கு அந்தக் கணக்கு மட்டுமே நிர்வாகியாக இருந்தது. ஒரே நிர்வாகியின் கணக்கு போனால் பக்கமும் அதனுடன் போய்விடும். ஆகவே என் மைத்துனருடைய கணக்குக்குப் பக்கத்தின் முழு அதிகாரத்தையும் முதலில் கொடுத்து, அவர் தம் தொலைபேசியிலிருந்து ஒரு பதிவை வெளியிட்டுக் காட்டிய பிறகே அடுத்த வேலைக்குப் போனேன். விளம்பரத்துக்காகச் சேர்த்திருந்த டெபிட் கார்டையும் நீக்கினேன். இன்ஸ்டாகிராம் விஷயம் வேறு. அந்தப் பயனர்பெயரை லுங்கி மடிப்பின் மேல் ஒட்டும் லேபிளிலேயே அச்சடித்திருந்தோம். நீக்கப்பட்ட கணக்கின் பெயரைப் பிறகு வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம்; அப்படி நேர்ந்தால் எங்கள் லேபிளைப் பார்த்துத் தேடுகிறவர் முன்பின் தெரியாத ஒருவரிடம் பணம் கட்டும் நிலை வரும். எனவே இன்ஸ்டாகிராமை நீக்காமல், மின்னஞ்சலையும் எண்ணையும் மாற்றி மைத்துனரிடமே ஒப்படைத்துவிட்டோம். அச்சில் ஏறிவிட்ட பெயரை நீக்க வேண்டாம் என்றே மற்ற வியாபாரிகளுக்கும் சொல்வேன்.

அடுத்தது தரவைப் பதிவிறக்குவது. கங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது கடை வாசலில் எடுத்த படங்கள், ஒவ்வொரு பாவுக்கும் (தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல்) நெய்த கட்ட மாதிரிகளின் படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருந்தன. பச்சைக் கட்டத்தில் மெரூன் கோடு ஓடும் ஒரு மாதிரிக்கு எங்களிடம் துணி கூட மிச்சமில்லை. படம் மட்டுமே இருந்தது. பதிவிறக்கும்போது காலவரம்பைக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து கொடுக்க வேண்டும். படத்தின் தரத்தை உயர்ந்ததாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் திறந்து படிக்க ஹெச்டிஎம்எல் வடிவமே வசதியானது. கோப்பு உடனே வராது, தயாரானதும் அறிவிப்பு வரும்; அந்த இணைப்பும் சில நாள்கள் மட்டுமே வேலை செய்யும் என்பதால் வந்தவுடன் எடுத்துவிடுவது நல்லது. எடுத்த கோப்பைத் திறந்து, படங்கள் தெளிவாக வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

தொலைபேசி எண்ணைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. நம் நாட்டில் துண்டிக்கப்பட்ட கைபேசி எண்ணைக் குறைந்தது 90 நாள்கள் கழித்து வேறொருவருக்கு வழங்கலாம். பழைய கணக்கு பழைய சிம்முடன் கட்டுண்டு கிடந்தால், அந்த எண்ணைப் புதிதாக வாங்குபவரின் கைக்கு நம் ஓடிபி போய்ச் சேரும். சாவியைத் தெருவில் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டியதற்குச் சமம் அது. பழைய எண்ணை விட்டுவிட்டவர்கள், கணக்கை நீக்குவதற்கு முன் இன்றைய எண்ணைச் சேர்த்துப் பழையதை அகற்றிவிட வேண்டும்.

நீக்கும் வழி, ஃபேஸ்புக் அமைப்புகளில் உள்ள கணக்கு மையத்தில் (Accounts Center), தனிப்பட்ட விவரங்கள் என்ற பகுதிக்குள் இருக்கிறது. அங்கே என் சொந்தக் கணக்கும் கடைக் கணக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இரண்டிலும் என் முகமே படமாக, கிட்டத்தட்ட ஒரே பெயரில் நின்றன. விரல் ஓர் அங்குலம் தவறினால் போகக் கூடாத கணக்கு போய்விடும். அதனால் வெளியே வந்து, கடைக் கணக்கின் படத்தை ஒரு லுங்கிக் கட்டமாக மாற்றிவிட்டு மறுபடி உள்ளே போனேன். இரண்டு கணக்குகள் வைத்திருக்கும் எவரும் இந்த ஒரு காரியத்தைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இனி, நீக்கிய பிறகு கண்டவை. குறியீட்டு எண்கள் வருவது நின்றது. உறவினர்களும் நண்பர்களும் எந்தக் கணக்குக்கு எழுதுவது என்று குழம்புவதும் நின்றது. நான் அனுப்பிய பழைய செய்திகள் வாடிக்கையாளர்களின் மெசஞ்சரில் இன்னும் இருக்கின்றன; அனுப்பியவர் பெயர் இருந்த இடத்தில் 'ஃபேஸ்புக் பயனர்' என்று மட்டும் தெரிகிறது. ஆற்காட்டிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர், "இன்னா தம்பி, உன் பேரே காணோம், கடையை எடுத்துட்டீங்களா?" என்று பதறிப் போய் அழைத்தார். கடையை எடுக்கவில்லை என்று சொல்லி வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தேன். இப்படிச் சிலரைக் கொஞ்ச காலம் தேட வைத்தது மட்டுமே நான் உணர்ந்த குறை. நீக்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பக்கத்தின் மேலே புதிய எண்ணை ஒட்டிவைத்தால் அதுவும் இராது. பிறர் எடுத்துத் தங்கள் கணக்கில் போட்ட கடைப் படங்கள் அவர்களிடமே இருக்கின்றன. அவற்றின் மேல் நமக்கு அதிகாரம் இல்லை. கூகுள் தேடலில் பழைய பெயர் சில காலம் வந்துகொண்டிருந்தது. காலாவதியான தேடல் முடிவுகளை அகற்றக் கோர கூகுளிலேயே ஒரு வசதி இருக்கிறது. அதில் பழைய கணக்கின் இணைய முகவரியைக் கொடுத்த பின் அதுவும் மறைந்தது.

கடைக் கணக்குக்காகவே தொடங்கிய ஜிமெயிலைக் கடைசி வரை வைத்திருந்தேன். நீக்கத்தைப் பற்றிய அறிவிப்புகள் அதற்குத்தான் வரும் என்பதால், 90 நாள் முடியும் முன் அதைத் தொடக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கும் நடைமுறையை கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. அந்த இரண்டு ஆண்டுகள் ஆகும்வரை காத்திருக்காமல், வங்கி உட்பட வேறெங்கும் அந்த முகவரி கொடுக்கப்படவில்லை என்று உறுதி செய்துகொண்டு நானே அதை நீக்கினேன். நீக்கிய ஜிமெயில் முகவரியை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்பதால், இன்ஸ்டாகிராம் பெயருக்கு இருந்த பயம் இதற்கு இல்லை.