அம்மா அழுத்தியது ஆறேகாலுக்கு, எனக்கு மணி அடித்தது ஒன்பதரைக்கு

வயதானவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும், ஆபத்தில் அழுத்தினால் உதவிக்கு ஆளைக் கூப்பிடும் எஸ்ஓஎஸ் பட்டன் வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், அதிலும் மலைமேல் பெற்றோரை விட்டுவிட்டுக் கீழே சேலத்தில் வேலை பார்ப்பவர்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைப் போட்டாலும் பெரிய பயன் இல்லை. இதே பொருளை வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்க நாலு பேர் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு 76 வயது. ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் சின்னதாக ஒரு காப்பித் தோட்டம், அதை ஒட்டி ஓட்டு வீடு. அப்பா போன பிறகு கீழே வந்துவிடச் சொல்லி எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. கன்னங்குறிச்சி வெயிலில் அவரால் ஒரு வாரம் தாக்குப்பிடிக்க முடியாது. "இந்தக் குளிர்லயே வளர்ந்த கட்டை, என்னை இங்கயே விட்டுடு கண்ணு" என்பார்.

போன வருடம் அஸ்தம்பட்டியில் ஒரு மண்டபத்தில் இலவச சர்க்கரை, பிரஷர் பரிசோதனை முகாம். வாசலில் மேஜை போட்டு இந்தப் பட்டனை விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்ற பையன் என் கண்முன்னே அதை இடுப்புயரத்திலிருந்து சோபாவில் போட்டான். இருபது விநாடியில் அதிலிருந்தே ஒரு பெண் குரல், நல்ல தமிழில், "அம்மா, ஏதாவது உதவி வேணுங்களா?" என்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது என்றே சொல்ல வேண்டும். "பாத்ரூம்ல விழுந்தாக்கூட அதுவே கண்டுபிடிச்சிடும் சார். 24 மணி நேரமும் ஆள் இருக்காங்க. ஆம்புலன்ஸ் நாங்களே அனுப்பிடுவோம்." பொருள் 8,500 ரூபாய், வருடச் சந்தா 4,800. அங்கேயே கட்டினேன்.

மாட்டிவிட ஏற்காட்டுக்கே ஆள் வந்தான். முன்வாசலில் நின்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தான், அழைப்பு போனது. அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டான். வீட்டின் பின்னால் மேடு, அதன்மேல் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள். குளியலறையும் கழிப்பறையும் அந்தப் பக்கம்தான். அங்கே யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அது என் தப்பு.

முதல் மாதம் முழுக்கப் பொய் அலாரம். அம்மா உலக்கை போடும்போது பட்டன் ஆடினால் அலாரம், கழற்றிக் கட்டிலில் எறிந்தால் அலாரம். "மாட்டுக்குக் கட்டின மணி மாதிரி இதை எதுக்குடா என் கழுத்துல மாட்டுனே" என்று திட்டிவிட்டு ஆணியில் தொங்கவிட ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும்: உங்கள் அன்புக்குரியவர் பாதுகாப்பாக இருக்கிறார். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐப்பசி மழை. அன்று மலையில் மாலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஆறேகால் மணிக்கு அம்மா பின்பக்கம் போனவர் பாசி பிடித்த படியில் கால் வழுக்கி, சுவரைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைக்கும்படி அன்றைக்குக் கழுத்தில் பட்டன் இருந்தது. அழுத்தியிருக்கிறார். அது இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். இரண்டு மணி நேரம் ஈரத்தில் கிடந்தவரை, வீட்டில் சிம்னி விளக்குகூடத் தெரியவில்லையே என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காதான் கண்டுபிடித்தார்.

அக்காவின் வீட்டுக்காரரே காரில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார். பாதி கொண்டை ஊசி வளைவுகள் இறங்கியிருப்பார்கள், அம்மா கழுத்திலிருந்த பட்டனுக்கு சிக்னல் கிடைத்திருக்கிறது. தேக்கி வைத்திருந்த அத்தனை அலாரத்தையும் ஒரே மூச்சில் அனுப்பியது. அதற்குள் தகவல் தெரிந்து அடிவாரத்தில் காத்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்பதரைக்குத்தான் கம்பெனியிலிருந்து போன். தமிழ்க் குரல் இல்லை. இந்தியில் ஒருவர், "ஆப்கி மாதாஜி" என்று ஆரம்பித்தார். என் அரைகுறை இந்தியில், எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். அவர் ஏதோ லொக்கேஷன் அனுப்பினார். அது நடுக்காடு.

இடுப்பெலும்பில் விரிசல், அறுவை சிகிச்சை. விழுந்ததைவிட விழுந்த இடத்திலேயே கிடப்பதுதான் பல சமயம் ஆபத்து என்றார் டாக்டர். ஒரே பக்கமாக வெகுநேரம் கிடந்தால் தசை நசுங்கி, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்குமாம். நான் 13,300 ரூபாய் கொடுத்ததே அந்த நேரத்தைக் குறைக்கத்தான்.

அப்புறம்தான் பெட்டியைப் பிரித்துப் படித்தேன். உள்ளே கம்பெனி போட்ட சிம், மாற்ற முடியாது. சாதனம் 2ஜி மட்டும் பிடிக்கும். அம்மாவின் சாதாரண பட்டன் போனில் இருப்பது வேறு நெட்வொர்க், அது பின்பக்கத்திலும் இரண்டு கோடு காட்டுகிறது! ஜியோவில் 2ஜியே கிடையாது என்பதால், சிம்மை மாற்றும் வசதி இருந்திருந்தாலும் ஜியோ சிம் இதில் வேலை செய்யாது. வாங்கினால் 4ஜியில் பேசக்கூடியதாக, நீங்கள் விரும்பும் சிம் போடக்கூடியதாக வாங்குங்கள்.

விழுந்ததைத் தானாகக் கண்டுபிடிக்கும் கதையையும் சொல்லிவிடுகிறேன். திடீரென்று கீழே போவது, ஓர் அதிர்ச்சி, பிறகு அசையாமல் இருப்பது, இந்த மூன்றையும் வைத்துத்தான் அந்தக் கருவி முடிவு செய்கிறது. வயதானவர்கள் பலர் தொப்பென்று விழுவதில்லை. எதையாவது பிடித்துக்கொண்டு மெல்லச் சரிகிறார்கள். சோபாவில் எறிந்து காட்டியபோது அலாரம் அடித்ததும், அம்மா சரிந்தபோது அடிக்காததும் அதனால்தான். ஜிபிஎஸ்ஸும் ஓட்டுக்குக் கீழே, கட்டடத்துக்குள் சரியாகப் பிடிப்பதில்லை. அப்போது டவரை வைத்துக் குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டும், மலையில் அது எங்கேயோ போய் நிற்கும்.

ஆம்புலன்ஸ் விஷயம்தான் உச்சம். "நாங்களே அனுப்பிடுவோம்" என்றால் என்ன அர்த்தம் என்று கம்பெனிக்கு போன் போட்டு, எடுத்த பெண்ணிடம் நோண்டிக் கேட்டேன். 108ஐக் கூப்பிடுவார்களாம். கால் சென்டர் இருப்பது வட மாநிலத்தில். அங்கிருந்து 108 அடித்தால் அந்த மாநிலத்து 108தான் எடுக்கும், ஏற்காட்டுக்கு எப்படி வண்டி வரும்? அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா நாங்க உங்களுக்கு போன் பண்ணுவோம் சார், நீங்க 108க்குச் சொல்லிடுங்க" என்றாள். ஆக மொத்தம் 4,800 ரூபாய் சந்தா எனக்கு போன் பண்ணுவதற்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ஏழு நாள் தாண்டிவிட்டது, சீல் பிரிந்துவிட்டது, நெட்வொர்க்குக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பதினோராவது நிபந்தனையில் இருக்கிறது என்றார்கள். போதாததற்கு அடுத்த வருடச் சந்தாவைத் தானாக எடுக்க யூபிஐ ஆட்டோபே போட்டு வைத்திருந்தார்கள். முகாமில் அவசரத்தில் நானே பின் நம்பர் அடித்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதிக்குள் போய்ப் பாருங்கள், அங்கேயே ரத்து செய்துவிடலாம். கம்பெனியிடம் கெஞ்ச வேண்டாம்.

1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். புகார் பதிந்த பிறகு சந்தாப் பணம் மட்டும் திரும்பி வந்தது. பொருளின் விலைக்கு சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். முகாமில் கொடுத்த நோட்டீஸைத் தூக்கி எறியாதீர்கள். "பாத்ரூமில் விழுந்தாலும்" என்று அச்சடித்த அந்தத் துண்டுத்தாள்தான் இப்போது என்னிடம் இருக்கிற பெரிய ஆதாரம்.

அம்மா வாக்கர் பிடித்து நடக்கிறார். மூன்று மாதம் கன்னங்குறிச்சியில் வெயிலைத் திட்டிக்கொண்டு இருந்துவிட்டு மறுபடி மலைக்கே போய்விட்டார். இப்போது பின்பக்கம் எடுக்கும் சிம்மோடு, எஸ்ஓஎஸ் பட்டன் உள்ள பெரிய எழுத்து போன் ஒன்று. அழுத்தினால் முதலில் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அடுத்து எனக்குப் போகும். அதோடு ஒரு வயர்லெஸ் காலிங் பெல். பட்டன் குளியலறைச் சுவரில், விழுந்தாலும் கை எட்டும்படி முழங்கால் உயரத்தில். மணி அக்கா வீட்டுச் சமையலறையில். நெட் வேண்டாம், சிம் வேண்டாம், சந்தா இல்லை. இரண்டையும் மழைநாளில், கரண்ட் இல்லாதபோது, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுத்திப் பார்த்தோம். அக்கா ஓடி வந்து, "நெசமாத்தான் விழுந்துட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார்.

பழைய பட்டன் ஆணையத்துக்குக் காட்ட வேண்டும் என்று என் மேஜை இழுப்பறையில் கிடக்கிறது. சார்ஜ் தீரும் வரைக்கும் வாராவாரம் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தது, என் அன்புக்குரியவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று.