கார் நிறுத்துமிடத்து மழைநீர் வடிகட்டி: ஐந்து மழைக்காலம் பார்த்த பிறகு

சைதாப்பேட்டையில் எங்கள் அடுக்ககத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் இரண்டே தெரு. மாடியில் விழும் மழை கிணற்றுக்குப் போய்விடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது செய்த ஏற்பாடு. கார் நிற்கும் தரையில் விழுவதுதான் ஒழுகிய எண்ணெய், டயர் தூள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு தெரு வடிகால் வழியாக ஆற்றில் கலந்தது. அதற்காக வாசல் ஓரம் இரண்டு தொட்டி கட்டினோம்.

முதல் தொட்டியில் மண் அடியில் படியும். நடுவில் ஒரு தடுப்பு. அதன் அடிவழியாக மட்டுமே தண்ணீர் நகரும் என்பதால் மிதக்கும் எண்ணெய் இந்தப் பக்கமே தங்கிவிடும். இரண்டாவதில் ஜல்லி, கரி, மேலே மணல்.

முதல் வருடம் தோல்விதான். கட்டிக்கொடுத்தவர், பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட் மணலைக் கழுவாமலே கொட்டியிருந்தார். அதன் தூள் இறங்கி அடைத்துக்கொண்டது. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார்: "சார், தண்ணி இறங்கமாட்டேங்குது, லிஃப்ட் பக்கம் ஏறுது." 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் நாங்கள், பாதிப் பேர் தொட்டியை இடிக்கச் சொன்னார்கள். மணலை மாற்றினோம். அப்புறம், மிஞ்சும் தண்ணீர் நேரே வெளியேற ஒரு குழாய் வைத்தோம். முதல் நாளே வைத்திருக்க வேண்டியது அது. எங்கள் 600 சதுர மீட்டரில் 20 மி.மீ. பெய்தாலே 12,000 லிட்டர். அடைமழை முழுவதையும் மணலில் வடிக்க முடியாது, தேவையும் இல்லை. மாதக்கணக்கில் சேர்ந்த அழுக்கில் பெரும்பகுதி முதல் மழையின் முதல் சில நிமிடங்களில் வந்துவிடும். அதைப் பிடித்துவிட வேண்டும்.

போன வருடம் முதல் மழையன்று இரண்டு பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே போவது கஷாயம் போலக் கறுப்பு, மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். வெளியே வந்தது இளம் டீ நிறம், படலம் இல்லை. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

சுத்தம் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. செப்டம்பரில் ஒருமுறை, மழை நடுவில் ஒருமுறை. மூடியைத் திறந்தால் முழங்கை ஆழத்துக்குச் சேறு, வேப்பஞ்சருகு, பால் பாக்கெட் மூலைகள். மணலில் மேல் இரண்டு அங்குலத்தைச் சுரண்டிவிட்டுப் புதிது போட்டால் மறுபடி நன்றாக இறங்கும். சேற்றைச் செடிக்குப் போடாதீர்கள். டயரின் துத்தநாகமும் பிரேக்கின் செம்பும் அதில் இருக்கின்றன. முதல் தொட்டியில் தண்ணீர் நிற்பதால் கொசு வரும், மூடிக்கு அடியில் வலை கட்டாயம்.

கரைந்து வருவதை இது முழுசாகப் பிடிப்பதில்லை. அமெரிக்காவில் சியாட்டில் பக்கத்து ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்ததற்கு, டயரில் கலக்கும் ரசாயனத்திலிருந்து உண்டாகும் ஒரு பொருள்தான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அதே ஊர்ச் சாலை மழைநீரை மணலும் மட்கு உரமும் கலந்த படுகையில் வடித்துவிட்டபோது மீன்கள் பிழைத்தன. அதைப் படித்ததிலிருந்து மதில் ஓரம் அப்படி ஒரு படுகை போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். இந்த ஆடியில் இடம் கொடுத்தார்கள். கல்வாழை நட்டிருக்கிறோம்.