சிடிசி கையில் இருந்தால் போங்கள்: நியூஸ்பேப்பர்எஸ்ஜி பற்றி

கப்பலில் வேலை பார்த்த அப்பாவைப் பற்றியோ தாத்தாவைப் பற்றியோ தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வெப்சைட்டில் போட்டால் பேர் வரும்?" என்றுதான். நாகப்பட்டினத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். பழைய சிடிசியை, அதாவது கப்பல் தொழிலாளியின் சர்வீஸ் புத்தகத்தை, நகலெடுக்க வருகிற வீட்டுக்காரர்களிடமிருந்து இந்தக் கேள்வி அடிக்கடி வரும். எதிலும் வராது என்பதுதான் பதில். கேப்டன், சீஃப் இன்ஜினியர் என்றால் எப்போதாவது பத்திரிகையில் பெயர் அடிபட்டிருக்கும். பண்டாரி (சமையல்காரர்), டோப்பாஸ் (துப்புரவாளர்), கலாசி (டெக் மாலுமி), ஃபயர்மேன் (கொதிகலனுக்குத் தீ போடுகிறவர்) பெயரையெல்லாம் யார் அச்சடித்தார்கள்? ஆனால் அவர்கள் ஏறிய கப்பலின் பெயரை அச்சடித்தார்கள். வாரா வாரம், துறைமுகம் துறைமுகமாக. அந்தக் கப்பல் மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் தடத்தில் ஓடியது என்றால், அதைத் தேட நான் பார்த்ததில் மிக நல்ல இடம் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி.

பழைய பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிற தளம் அது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-இலிருந்து இருக்கிறது. சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிப்யூன், கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு எல்லாம் உண்டு. காசு கிடையாது. பிந்தைய ஆண்டுகளின் இதழ்களில் சிலவற்றைச் சிங்கப்பூர் நூலகத்துக்குள் உட்கார்ந்துதான் படிக்க முடியும். நமக்கு வேண்டிய கப்பல் காலம் அதற்கு முந்தியது, வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

என் அப்பா பண்டாரி. இந்திய அரசின் ஷிப்பிங் கார்ப்பரேஷனின் ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ் கப்பலில் 1960-களில் சேர்ந்தார், நடுவில் விஸ்வ என்று பெயர் தொடங்கும் சரக்குக் கப்பல்கள், கடைசியில் எம்.வி. சிதம்பரம். விட்டுப்போனது ஒரு சிடிசி, ஒரு டிரங்குப் பெட்டி, அப்புறம் ஆளுக்கொரு விதமாக நாங்கள் நினைவில் வைத்திருக்கிற கதைகள். சிடிசியில் என்ன இருக்கும் என்று தெரியாதவர்களுக்கு: கப்பலின் பெயர், அதன் அஃபிஷியல் நம்பர் (பதிவு எண்), எந்த ஊரில் எந்தத் தேதியில் சைன் ஆன் (வேலையில் ஏறியது), எங்கே எப்போது சைன் ஆஃப் (இறங்கியது), என்ன வேலை, கடைசியில் வேலைத் திறமைக்கு ஒன்றும் நடத்தைக்கு ஒன்றுமாக இரண்டு முத்திரை. அப்பாவின் புத்தகத்தில் எல்லா வரிசையிலும் 'வெரி குட்'. "எல்லாப் பய புத்தகத்துலயும் அதான் இருக்கும், அது இல்லன்னாதான் விசேஷம்" என்பார்.

இந்தப் புத்தகம் இல்லாமல் நியூஸ்பேப்பர்எஸ்ஜிக்குள் நுழைவது வீண். ஏன் என்று சொல்கிறேன். தேடல் பெட்டியில் 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். சென்னை மாகாணத்தின் பஞ்சம், தேர்தல், இந்தி எதிர்ப்புப் போராட்டம் எல்லாம் வரும், கப்பலைத் தவிர. 'சிதம்பரம்' அதைவிட மோசம். கோயில் வரும், வ.உ.சி. வருவார், அந்தப் பெயர் கொண்ட செட்டியார்கள் வரிசையாக வருவார்கள். மேற்கோள் குறிக்குள் போட்டாலும் அதே கதைதான், மாகாணத்துக்கும் கப்பலுக்கும் எழுத்து ஒன்றுதானே. வழி என்னவென்றால், சிடிசியில் இருக்கிற சைன் ஆன் தேதியையும் சைன் ஆஃப் தேதியையும் தேதி வடிகட்டியில் போட்டுவிட வேண்டும். கூடவே 'பினாங்' என்றோ 'நெகபட்டம்' என்றோ ஆங்கிலத்தில் ஒரு துறைமுகப் பெயரைச் சேர்க்க வேண்டும். விளம்பரங்களை மட்டும் காட்டு என்று இன்னொரு வடிகட்டி இருக்கிறது, அதையும் போட்டுவிடுங்கள். செய்திகளைவிட விளம்பரங்கள்தான் நமக்குப் பொன். கப்பல் கம்பெனிகள் புறப்பாட்டுத் தேதியை விளம்பரமாகத்தான் கொடுத்தன. எந்தெந்தத் துறைமுகம், என்றைக்கு, டிக்கெட்டுக்கு எந்த ஏஜென்ட் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

பழைய அச்சைக் கணினி படிக்கும்போது எந்தத் தளத்திலும் எழுத்து மாறும். கப்பல் விளம்பரம் பொடி எழுத்து வேறு. இந்தத் தொழிலில் இருப்பதால் எனக்கு அது பழக்கம். ஜே என்பது ஐ ஆகும், எல் என்பது ஒன்று ஆகும். 'ரஜுலா' என்ற கப்பலைத் தேடுகிறவர்கள் ஆங்கிலத்தில் இரண்டு மூன்று தப்பான எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். தமிழ் முரசை நான் சொல் போட்டுத் தேடவில்லை, தேதியைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மெதுவான வேலைதான். ஆனால் ஆங்கிலப் பத்திரிகைக்குக் கப்பல் என்பது சரக்கு. தமிழ்ப் பத்திரிகைக்கு அதில் வருகிற ஆள்தான் கப்பல். ஊரிலிருந்து யார் வந்தார்கள், யார் புறப்பட்டார்கள், யாருக்கு வழியனுப்பு விழா என்று அதில் படிக்கலாம். அந்த விழாவுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கப்பலில் சோறு வடித்தது யார் என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

இந்தத் தளத்துக்கு நான் கடன்பட்டிருப்பது நாகப்பட்டினம் விஷயத்தில். இங்கே கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாது என்பதால் தூரத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். ஆட்களும் பெட்டிகளும் படகில்தான் போய் ஏறும், இறங்கும். அதாவது அப்பாவின் கப்பல் ஒவ்வொரு தடவையும் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கடலில் வந்து நிற்கும், அவர் இறங்க மாட்டார். குறைந்த கட்டணத்தில் கப்பல் தளத்திலேயே பயணம் செய்கிற டெக் பயணிகள் ஏறுகிற நேரத்தில் பண்டாரிக்கு அடுப்பை விட்டு நகர வழியில்லை. ஏறினவர்களுக்கு முதல் வேளைச் சாப்பாடு அங்கிருந்துதான். அம்மா படகுக்காரரிடம் கருவாட்டுப் பொடியும் கடிதமும் கொடுத்துவிடுவாராம். அங்கிருந்து லைஃப்பாய் சோப்பும் கோடாலித் தைலமும் வருமாம். எங்கள் சித்தப்பா இதையெல்லாம் கட்டுக்கதை என்பார், "சிங்கப்பூர் கப்பல் இங்க எப்பவாச்சும்தான் நிக்கும்" என்று. விளம்பரங்களை வரிசையாகப் பிரிண்ட் எடுத்து, சிடிசித் தேதிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக் காட்டினேன். நாகப்பட்டினம் பெயர் மறுபடி மறுபடி இருந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப சோப்பு எனக்கு ஏன் வரல?" என்றார்.

சிதம்பரம் கப்பலைத் தேடினால் மனதைத் தயார்செய்து கொண்டு தேடுங்கள். 1966-இல் பிரான்சில் பாஸ்டர் என்ற பெயரில் கட்டி, தென் அமெரிக்காவுக்கு ஓடிய கப்பல் அது. ஷிப்பிங் கார்ப்பரேஷன் 1970-களில் வாங்கிச் சென்னை–சிங்கப்பூர் தடத்தில் விட்டது. 1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். இந்தத் தடத்துப் பயணிகள் போக்குவரத்து அதோடு முடிந்தது. அப்பா அதற்குச் சில ஆண்டுகள் முந்தியே சைன் ஆஃப் ஆகிவிட்டார். பயணிகளின் சொந்தக்காரர்கள் சிங்கப்பூரில் இருந்ததால் அந்த ஊர்ப் பத்திரிகைகள் நாள்தோறும் தொடர்ந்து எழுதியிருக்கின்றன. எங்கள் வீட்டில் அந்த வாரத்தைப் பற்றி அப்பா பேசியதே இல்லை. அவரோடு கப்பல் சமையலறையில் நின்ற ஆட்கள் அப்போதும் அதில்தான் இருந்தார்கள் என்பது சிடிசியோடு சேர்ந்திருந்த பழைய குரூப் போட்டோவின் பின்பக்கம் எழுதியிருப்பதை வைத்துத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, இந்தத் தளம் எங்கே கைவிடும்? சரக்குக் கப்பல்களில். அப்பா ஏறிய விஸ்வ கப்பல்கள் ஐரோப்பாவுக்கும் கருங்கடலுக்கும் போனவை, சிங்கப்பூர் பக்கம் திரும்பாதவை. அப்பாவின் புத்தகத்தில் 1960-களின் கடைசியில் ஒரு பயணம் மட்டும் மற்றவற்றைவிட மிக நீளமாக இருந்தது. ஏதோ தண்டனை என்றுகூட ஒருவர் சொன்னார். 1967 ஜூனில் போர் வந்து சூயஸ் கால்வாயை மூடி, 1975 ஜூனில்தான் திறந்தார்கள். அதுவரை பம்பாயிலிருந்து லண்டன் போக ஆப்பிரிக்காவையே சுற்ற வேண்டும். பயணம் நீண்டதற்கு அதுதான் காரணம், தண்டனையும் இல்லை, ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட விஷயத்தைக் கப்பல் பெயர் போட்டுக் கண்டுபிடிக்க முடியாது. உலகச் செய்தியைத் தேதியோடு வைத்துப் படித்தால்தான் புரியும். ஆஸ்திரேலியாவின் டிரோவ் தளத்தையும் பலர் பரிந்துரைப்பார்கள். தொழில்நுட்பத்தில் அருமையான தளம். ஆனால் அதன் பெரும்பாலான நாளிதழ்கள் 1950-களின் நடுவோடு நின்றுவிடுகின்றன. அதைத் தாண்டி 1995 வரை வருகிற பெரிய நாளிதழ் கான்பெரா டைம்ஸ். கான்பெராவில் துறைமுகம் ஏது?

பிரிட்டிஷ் கொடிக் கப்பல் என்றால், உதாரணத்துக்கு 1926-இலிருந்து இதே தடத்தில் ஓடிய ரஜுலாவில் உங்கள் தாத்தா வேலை பார்த்திருந்தால், நியூஸ்பேப்பர்எஸ்ஜியில் உங்களுக்கு என்னைவிட அதிகமே கிடைக்கும். அந்தக் கப்பல் அத்தனை காலம் ஓடியது, அத்தனை தடவை அச்சில் வந்தது. பிரிட்டிஷ் கப்பல்களின் பணியாளர் பட்டியல்களில் 1863 முதல் 1938 வரையிலும் 1951 முதல் 1976 வரையிலுமானவற்றின் பெரும்பகுதி கனடாவில், நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கப்பலின் அஃபிஷியல் நம்பரை வைத்துத்தான் கேட்க வேண்டும், தேடித் தரக் கட்டணம் உண்டு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: நம் ஆட்களை லஸ்கர் (ஆசிய மாலுமி) ஒப்பந்தம் என்ற தனித்தாளில் சேர்த்தார்கள், குறைந்த சம்பளத்தில். வெள்ளைக்கார மாலுமியின் பெயர் கிடைக்கிற சுலபத்தில் நம் ஆள் பெயர் கிடைக்காது.

வெளிநாட்டுக் கட்டணச் சேவை ஒன்றுக்கும் நான் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். 'உங்கள் தந்தையின் கடல் வாழ்க்கை அறிக்கை' என்று அழகான எழுத்துருவில் ஒரு பிடிஎஃப் வந்தது. அதில் இந்தியக் கப்பல்துறையின் பொது வரலாறு, யாருடையதோ ஒரு கப்பல் படம், அப்பா என்ற இடத்தில் நான் அனுப்பிய தகவலே திரும்பவும். டிடிபிக்காரி என்ற முறையில் லேஅவுட்டுக்கு மதிப்பெண் தருவேன்.

இலவசத் தளத்துக்கு ஐந்தில் நான்கு. ஒன்றைக் குறைத்தது தளத்தின் குற்றத்துக்காக இல்லை, இது பாதி வேலையைத்தான் செய்யும் என்பதற்காக. மீதிப் பாதி உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. சிடிசியை எடுத்ததும் லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்ப் மை ஏற்கெனவே வெளுத்திருக்கும், சூடு பட்டால் கப்பல் பெயரே போனாலும் போகும். கலரில், 600 டிபிஐயில், காலிப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். செல்போனில் தேடாமல் பெரிய திரையில் தேடுங்கள், அந்தப் பொடி எழுத்துக்குக் கண் போய்விடும்.