மயிலியின் உடம்பில் சிப் இல்லை: நாயை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கள் வீட்டு நாய் மயிலியை ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகளிடம் அனுப்பி வைப்பதற்காக, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அலுவலகம் வைத்திருந்த ஒரு முகவரிடம் இந்த ஆண்டு ஜனவரி மாதம் 85,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். ஏப்ரல் மாதம் முடியும்போது அந்தப் பணத்துக்கு ஈடாக என்னிடம் இருந்தவை, அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்க வேண்டிய, ஆனால் நாயின் உடம்பில் இல்லாத ஒரு சிப்பின் எண்ணும், பொய்த் தேதி எழுதிய ஒரு தடுப்பூசிப் புத்தகமும், எந்த ஆய்வகமும் வழங்காத ஒரு ரத்தப் பரிசோதனை அறிக்கையும்தான். புகார் விசாரணையில் இருப்பதால் முகவரின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றிய விதத்தை மட்டும் விடாமல் எழுதுகிறேன். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களில் பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகளில் அவர்கள் வளர்த்த நாயும் பூனையும் இப்போது பெற்றோர் பொறுப்பில் இருக்கின்றன. இப்படிப்பட்ட முகவர்கள் அந்த வீடுகளைத் தேடித்தான் வருகிறார்கள்.

மயிலி கன்னி இனத்தைச் சேர்ந்தவள். கறுப்பு உடம்பு, புருவத்திலும் கால்களிலும் தேன் நிறம். மகள் கல்லூரியில் படிக்கும்போது கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கையளவுக் குட்டியாக எடுத்து வந்தாள். முயலை விரட்டப் பிறந்த இனம் என்பதால் காலையும் மாலையும் ஓடவிட்டே ஆக வேண்டும். எனக்கு 67 வயது, என் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. பாளையங்கோட்டைத் தெருவில் அவளைப் பிடித்து நடத்த எங்கள் இருவராலும் முடியவில்லை என்று ஆன பிறகுதான், மகள் தன்னிடமே அனுப்பிவிடச் சொன்னாள். ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் அங்கே போய் விசாரித்திருக்க வேண்டும். நான் ஒரு பிளெக்ஸ் போர்டை நம்பிவிட்டேன். “அண்ணாச்சி, நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதிய. சிப்பு, ஊசி, ரத்தம், பேப்பரு எல்லாம் நாங்க பாத்துக்கிடுதோம். நாயக் கொண்டாந்து விட்டாப் போதும்” என்று அவர் சொன்னபோது எனக்கு மனப்பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

ஜனவரி 12ஆம் தேதி அவருடைய ஆள் வீட்டுக்கு வந்து வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். பிப்ரவரி 2ஆம் தேதி அதே ஆள் மீண்டும் வந்து, பருமனான ஊசி ஒன்றைக் கழுத்தின் பின்புறத் தோலில் செலுத்தி, சிப் வைத்தாயிற்று என்று சொல்லி, 15 இலக்க எண் அச்சிட்ட ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டினார். பிப்ரவரி 21ஆம் தேதி முன்காலில் ரத்தம் எடுத்துப் போனார். மார்ச் மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. ஐரோப்பாவுக்குத் தேவைப்படும் அளவைக் காட்டிலும் நல்ல அளவு வந்திருப்பதாக முகவர் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். மகள் மே மாதக் கடைசி வாரத்துக்கு விடுப்பும் பயணச்சீட்டும் எடுத்துவிட்டாள்.

இந்த வரிசையிலேயே பிழை இருந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து ஒரு நாயோ பூனையோ போக வேண்டுமானால், முதலில் மைக்ரோசிப், அதே நாளிலோ அதன் பிறகோ வெறிநோய்த் தடுப்பூசி, ஊசி போட்டுக் குறைந்தது 30 நாட்கள் கழித்து ரத்தம், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்பதுதான் வரிசை. தடுப்பூசி போடும்போது குட்டிக்கு 12 வாரமாவது நிறைந்திருக்க வேண்டும். ரத்தத்தை ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில்தான் பரிசோதிக்க வேண்டும். ஊசியால் ரத்தத்தில் உருவாகும் வெறிநோய் எதிர்ப்பொருள் மில்லி லிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது. அடையாள எண் இல்லாத நாளில் போட்ட ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை என்பதே காரணம். முகவருக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் புத்தகத்தில் சிப் வைத்த தேதியையும் ஜனவரி 12 என்று எழுதியிருந்தார். சிப் வைத்த அன்று என் மனைவி மயிலியின் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்ததை நான் கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். அந்தப் படத்தில் பிப்ரவரி 2 என்ற தேதி இருக்கிறது.

ஏப்ரல் 18ஆம் தேதி, காதில் உண்ணி ஏறியிருந்ததால் வேறொரு கால்நடை மருத்துவரிடம் அவளைக் கூட்டிப் போனேன். வெளிநாட்டுப் பயணம் பற்றிச் சொன்னதும் அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்கேனரை எடுத்து, பொத்தானை அழுத்திக்கொண்டே கழுத்தின் மேல் மெதுவாக நகர்த்தினார். சத்தம் வரவில்லை. சில நேரம் சிப் தோலுக்கடியில் நகர்ந்துவிடும் என்று சொல்லி, தோள்பட்டை, விலாவின் இரு பக்கங்கள், முன்னங்கால் முட்டிவரை அங்குலம் அங்குலமாகத் தடவிக் கொண்டே போனார். திரையில் எண் எதுவும் தோன்றவில்லை. பிறகு, பரிசோதனைக்காக அவர் வைத்திருந்த தனிச் சிப் ஒன்றின் மேல் அதே ஸ்கேனரைக் காட்டினார். உடனே கீச்சென்று ஒலித்து 15 இலக்கங்களையும் காட்டியது. அரிசி மணி அளவே உள்ள அந்தச் சிப்பில் பேட்டரி கிடையாது, ஸ்கேனரிலிருந்து வரும் 134.2 கிலோ ஹெர்ட்ஸ் அலை பட்டால் மட்டும் தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும், ஆகவே சிப் உடம்பில் இருந்தால் தீர்ந்துபோக ஒன்றுமில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் மயிலியின் கழுத்தில் கை வைத்தபடியே நின்றுகொண்டிருந்தேன். அன்று அந்தப் பருமனான ஊசியால் அவள் முனகிய முனகல் எதற்காக என்பதே எனக்குத் தாங்கவில்லை.

அன்று இரவு காகிதங்களை எல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தேன். நான் 34 ஆண்டுகள் அஞ்சல் துறையில் பதிவுத் தபால்களின் எண்ணைச் சரிபார்த்தவன். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் சிப் எண்ணுக்கு 14 இலக்கங்களே இருந்தன. அறிக்கையில் அச்சாகியிருந்த ஆய்வகத்தின் அதிகாரபூர்வ முகவரியைத் தனியாகத் தேடி எடுத்து மின்னஞ்சல் அனுப்பினேன்; அறிக்கையில் கொடுத்திருந்த தொடர்பு எண்ணை நம்பவில்லை. ஐந்து நாட்களில் பதில் வந்தது. அந்த அறிக்கை எண்ணில் அவர்களுக்கு எந்த மாதிரியும் வரவில்லை, அது அவர்கள் வழங்கிய அறிக்கையே அல்ல.

மற்றவற்றையும் சொல்லிவிட வேண்டும். நீல அட்டையில் பொன்னெழுத்தில் ‘பெட் பாஸ்போர்ட்’ என்று அச்சடித்த புத்தகம் ஒன்றை முகவர் கொடுத்திருந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் செல்லப்பிராணி பாஸ்போர்ட்டை அந்த ஒன்றியத்துக்குள் அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவர்தான் வழங்க முடியும். நம் ஊரில் அந்தப் பெயரில் கிடைப்பது வெறும் தடுப்பூசிப் புத்தகம். இங்கிருந்து போகும் நாய்க்குத் தேவை, அரசின் அதிகாரபூர்வ கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ். அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய 10 நாட்களுக்குள் அதைப் பெற்றிருக்க வேண்டும். நமக்கு அதற்கான இடம் சென்னையிலுள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையம். அனிமல் குவாரன்டைன் என்று கேட்டால் சொல்வார்கள். உரிமையாளர் யாரும் உடன் வர வேண்டியதில்லை, தனியாகவே அனுப்பிவிடலாம் என்றும் முகவர் சொல்லியிருந்தார். உரிமையாளரின் பயணத்துக்கு ஐந்து நாட்கள் முன் பின்னுக்குள் நாய் போகாவிட்டால் அது வணிகச் சரக்காகக் கருதப்பட்டு வேறு விதிகளுக்குள் போய்விடும் என்பதை அவர் சொல்லவே இல்லை.

கூண்டு விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. எடையை மட்டும் கேட்டுவிட்டு, 66 சென்டிமீட்டர் உயரமுள்ள பிளாஸ்டிக் கூண்டு ஒன்றை 14,000 ரூபாய்க்குத் தலையில் கட்டினார். மயிலி அதற்குள் நின்றால் உச்சந்தலை கூரையில் முட்டி, கழுத்தை மடித்துத்தான் நிற்க முடிந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி கூண்டை எடை பார்த்து வாங்கக் கூடாது, நாயை அளந்துதான் வாங்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடிவரை உள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முன்னங்கால் முட்டிவரை உள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோளின் அகலத்தை இரட்டித்தால் கூண்டின் அகலம். நிமிர்ந்து நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரை உள்ள உயரத்தோடு விரிப்பின் கனத்தைச் சேர்த்தால் கூண்டின் உயரம். மயிலிக்கு அந்த அளவுகள் இதே வரிசையில் 72, 36, 18, 78 சென்டிமீட்டர். ஆகவே 90 நீளமும் 36 அகலமும் 78க்கு மேல் உயரமும் உள்ள கூண்டு வேண்டும். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நம் பக்கத்து நெடுங்கால் நாய்களை வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். கிலோ கணக்கில் விற்கும் கூண்டு எதுவும் இவற்றுக்குப் பொருந்தாது. இவ்வளவு பெரிய கூண்டு அந்த விமானத்தின் சரக்கறைக்குள் போகுமா என்பதையும் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பயணத்தன்று தூக்க மாத்திரை கொடுத்தால் கத்தாமல் போகும் என்பதும் அவர் தந்த ஆலோசனை. தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். மயக்க மருந்து ரத்த அழுத்தத்தையும் சுவாசத்தையும் குறைக்கும். சரக்கறையில் அந்த நாய்க்கு மூச்சுத் திணறினால் பார்ப்பதற்கு அருகில் ஆள் கிடையாது. மயக்கத்தில் வரும் விலங்கைப் பல விமான நிறுவனங்கள் ஏற்றுக்கொள்வதே இல்லை. பக், புல்டாக், பெர்சியன் பூனை போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

அந்தக் காகிதங்களோடு மயிலி பிராங்பர்ட்டில் இறங்கியிருந்தால், முதல் ஸ்கேனிலேயே பிடிபட்டிருப்பாள். விதிகளுக்கு உட்படாத விலங்கைத் திருப்பி அனுப்பலாம், தகுதி பெறும்வரை உரிமையாளர் செலவில் தனிமையில் வைக்கலாம், இரண்டுக்கும் வழியில்லாவிட்டால் கடைசியாகக் கொன்றுவிடவும் அங்குள்ள சட்டம் இடம் தருகிறது. இதை மகள் படித்துச் சொன்ன இரவில் என் மனைவி சாப்பிடவில்லை.

பிரிட்டனுக்கும் இதே சிப், ஊசி, ரத்தம், மூன்று மாதம் என்ற வரிசைதான். நாய்க்குப் போய்ச் சேர்வதற்கு முந்தைய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்தும் கொடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் 2024 ஆகஸ்ட் 1 முதல் சிப்புக்குப் பிறகு போட்ட ஊசியே செல்லும், நாய்க்கு ஆறு மாதமும் நிறைந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேராக நாயையோ பூனையையோ கொண்டுபோகவே முடியாது. முடியும் என்று யாராவது பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஏப்ரல் 25ஆம் தேதி முதலிலிருந்து தொடங்கினோம். மருத்துவர் சிப்பை வைப்பதற்கு முன் பொட்டலத்தோடு ஒருமுறை, வைத்த பிறகு கழுத்தில் ஒருமுறை ஸ்கேன் செய்து, இரண்டு முறையும் திரையை என்னிடம் காட்டினார். பிறகுதான் ஊசி. மே 27ஆம் தேதி ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அறிக்கை வந்ததும் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். ஆகஸ்ட் 27க்குப் பிறகுதான் மயிலி போக முடியும். மகள் செப்டம்பரில் வருகிறாள். மே மாதப் பயணச்சீட்டுப் பணம் திரும்பவில்லை.

முகவரின் அலுவலகம் பூட்டிக் கிடக்கிறது. காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் பதிவாகிவிட்டது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஜிபே பரிவர்த்தனைப் பதிவும், வாட்ஸ்அப் உரையாடலும், தேதியுள்ள அந்தப் படமும்தான் இப்போது எனக்குத் துணை. ரொக்கமாகக் கொடுத்த 20,000 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காமல் விட்டுவிட்டேன்.

இதே போல் யாரிடமாவது பணம் கட்டிக் காத்திருப்பவர்கள், முகவரிடம் எதுவும் சொல்லாமல், நாளைக் காலையிலேயே உங்கள் நாயையோ பூனையையோ ஸ்கேனர் உள்ள வேறொரு மருத்துவரிடம் கொண்டு போங்கள். ரத்த அறிக்கையின் எண்ணை நீங்களே ஆய்வகத்துக்கு எழுதிக் கேளுங்கள். வண்ணார்பேட்டை அலுவலகத்தில் பணம் கட்டியவர்கள் வேறு யாராவது இருந்தால், அசல் காகிதங்களை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிடாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதே ஆணையத்தில் நீங்களும் புகார் பதியுங்கள்.