சிஜிஎச்எஸ் அட்டை: 54,000 ரூபாய் கட்டினால் என்ன கிடைக்கிறது?

மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர், கிராஜுவிட்டி கைக்கு வந்ததும் எடுக்க வேண்டிய முடிவுகளில் ஒன்று: மத்திய அரசின் சுகாதாரத் திட்டமான சிஜிஎச்எஸ் அட்டைக்குப் பணம் கட்டுவதா, வேண்டாமா? 2017 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கும் கணக்குப்படி, சம்பள லெவல் 6-ல் ஓய்வு பெற்றவருக்கு மாதச் சந்தா 450 ரூபாய். 120 மாதச் சந்தாவை, அதாவது 54,000 ரூபாயை, மொத்தமாகக் கட்டிவிட்டால் அட்டை ஆயுளுக்கும் செல்லும். லெவல் 1 முதல் 5 வரை மாதம் 250 வீதம் 30,000. லெவல் 7 முதல் 11 வரை 650 வீதம் 78,000. 12-ம் அதற்கு மேலும் ஆயிரம் வீதம் 1,20,000. வருடா வருடம் கட்டவும் வழி இருக்கிறது. ஆனால் மறந்துபோகிற வேலை அது, மொத்தமாகக் கட்டுவதே நல்லது.

இந்தத் தொகை ஒரு தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு. கணவன் மனைவியோடு, நிபந்தனைக்குள் வரும் பிள்ளைகளும் பெற்றோரும் அதிலேயே அடக்கம். சர்க்கரை இருக்கிறதா, பைபாஸ் ஆனதா என்று யாரும் கேட்பதில்லை, காத்திருப்புக் காலமும் கிடையாது. அறுபது வயதில் இரண்டு பேருக்கு வெளியே பாலிசி விலை விசாரித்துப் பார்த்தவருக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் பக்கத்து வீட்டு மாநில அரசு ஓய்வூதியர் வைத்திருப்பது வேறு சரக்கு. அது காப்பீட்டுத் திட்டம். 2022 ஜூலையில் தொடங்கிய நான்கு வருடச் சுற்றில் அவர் பென்ஷனிலிருந்து பிடித்தம் மாதம் 497 ரூபாய். நான்கு வருடத்துக்கு 5 லட்சம், குறிப்பிட்ட சில சிகிச்சைகளுக்கு 10 லட்சம் என்று உச்சவரம்பு உண்டு. தினசரி பிரஷர் மாத்திரைக்கு அதில் இடமில்லை. சிஜிஎச்எஸ்ஸில் மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது, மாத்திரையும் உண்டு. எத்தனை குறை சொன்னாலும் இந்த இரண்டுக்காகவே அட்டைக்கு என் ஓட்டு. ஆனால் மாத்திரை விஷயத்தில் அது பலிப்பதும் பலிக்காததும் உங்கள் வீட்டுக்கும் மருந்து கொடுக்கும் சிஜிஎச்எஸ் டிஸ்பென்சரிக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது.

பெயர்ப்பலகையில் வெல்னஸ் சென்டர் என்று மாற்றிவிட்டார்கள். மக்கள் வாயில் இன்னும் டிஸ்பென்சரிதான். சென்னையில் பல இடங்களில் உண்டு, நிர்வாக அலுவலகம் பெசன்ட் நகர் ராஜாஜி பவனில். கோவையிலும் புதுச்சேரியிலும் உண்டு. திருச்சியிலும் திருநெல்வேலியிலும் இருப்பவை பழைய தபால் துறை மருந்தகங்களாக இருந்து சிஜிஎச்எஸ்ஸுக்குள் வந்தவை. நேரம் காலை 7.30 முதல் மதியம் 2 வரை. திங்கட்கிழமையும் விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் அள்ளும்.

மருந்து வாங்கும் முறை இது. டாக்டர் கம்ப்யூட்டரில் பதிவார். ஸ்டாக்கில் இருப்பதை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். இல்லாததற்கு லோக்கல் கெமிஸ்டிடம் இண்டென்ட், அதாவது வாங்கித் தரச் சொல்லும் ஆர்டர், போடுவார்கள், அதற்கு இன்னொரு நாள் வர வேண்டும். நாட்பட்ட நோய்க்கு மூன்று மாத மருந்து வரை எழுதலாம். ஆனால் ஸ்டாக்கைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மட்டும் கொடுப்பதும் நடக்கும். எனவே கையில் பத்து நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே போய்விடுங்கள். இண்டென்டில் வருவது இன்சுலின் என்றால் ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கோடு போவது நலம். முதியவர் நேரில் வர முடியாவிட்டால் அதிகாரக் கடிதம், அட்டை நகல், மருத்துவச் சீட்டு ஆகியவற்றோடு வீட்டார் ஒருவர் போய் வாங்கி வரலாம்.

இங்கே தப்பு நடப்பது பெரும்பாலும் மருந்தின் பெயரில். வெளி டாக்டர் டெல்மிசார்டான் 40, ஆம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த ஒற்றை மாத்திரையை எழுதியிருப்பார். டிஸ்பென்சரியில் கூட்டு மாத்திரை இல்லாததால் இரண்டையும் தனித்தனி அட்டையாகக் கொடுப்பார்கள். வீட்டில் பழைய கூட்டு மாத்திரை பாதி மிச்சம் இருக்கும். பெரியவர் மூன்றையும் டப்பாவில் போட்டு, காலையில் மூன்றையும் விழுங்கிவிடுவார். பிரஷர் இறங்கித் தலை சுற்றுவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கம்பெனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும் என்பதால், நிறத்தை வைத்து அடையாளம் கண்டு பழகியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். மாத்திரை அட்டையின் பின்பக்கம் உள்ள மூலப்பொருள் பெயரையும் மில்லிகிராமையும் கவுன்டரிலேயே சீட்டோடு ஒத்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய அட்டையைத் தனியே எடுத்து வையுங்கள்.

தனியார் மருத்துவமனை சிறப்பு மருத்துவரைப் பார்க்க ரெஃபரல், அதாவது டிஸ்பென்சரி டாக்டரின் பரிந்துரைச் சீட்டு, வேண்டும். 2024-ல் விதியைத் தளர்த்தினார்கள்: ஒரு ரெஃபரல் மூன்று மாதம் செல்லும், அதற்குள் ஆறு முறை பார்க்கலாம். முன்பு ஒவ்வொரு தடவையும் டோக்கன் எடுத்து நின்றதை நினைத்தால் இது பெரிய நிம்மதி. 70 வயது தாண்டியவருக்கு ரெஃபரலே தேவையில்லை, சிஜிஎச்எஸ் அங்கீகாரப் பட்டியலில் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போகலாம். முன்பு இந்த வயது 75 ஆக இருந்தது. ஆனால் அங்கே எழுதிய மருந்தை டிஸ்பென்சரியில்தான் வாங்க வேண்டும். மருத்துவமனை பார்மசியில் வாங்கிவிட்டு பில்லை நீட்டினால் திரும்பி வரும்.

அடுத்தது படுக்கை. அடிப்படைச் சம்பளம் 36,500 வரை ஜெனரல் வார்டு, 50,500 வரை செமி பிரைவேட், அதற்கு மேல் பிரைவேட். ஓய்வு பெற்றவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தைப் பார்ப்பார்கள், பென்ஷனை அல்ல. 2025 அக்டோபர் 13 முதல் ஏறக்குறைய இரண்டாயிரம் சிகிச்சைகளுக்குப் புதிய கட்டணப் பட்டியல் வந்திருக்கிறது. செமி பிரைவேட்தான் அடிக்கணக்கு. அதில் ஒரு சிகிச்சைக்கு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஜெனரலுக்கு 95,000, பிரைவேட்டுக்கு 1,05,000. என்ஏபிஎச் தரச் சான்று இல்லாத மருத்துவமனைக்கு 15 சதவீதம் குறைவு. கோவை, திருச்சி மாதிரி இரண்டாம் நிலை ஊர்களில் சென்னையைவிட 10 சதவீதம் குறைவு. இதெல்லாம் மருத்துவமனைக்குச் சேரும் கணக்குதானே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். கையிலிருந்து கட்டிவிட்டுப் பின்னால் கேட்கும் நிலை வந்தால், திரும்பக் கிடைப்பது இந்தக் கணக்குப்படிதான்.

பேக்கேஜ் என்றால் அறை, அறுவை அரங்கு, மயக்க மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் உள்ளடங்கியது. அதற்கு நாள் கணக்கும் உண்டு: பெரிய சிறப்பு அறுவைக்கு 12 நாள், மற்ற பெரிய அறுவைக்கு 7, லேப்ராஸ்கோப்பிக்கும் சுகப்பிரசவத்துக்கும் 3, சிறு அறுவைக்கு 1. தகுதிக்கு மேற்பட்ட அறை கேட்டால் வித்தியாசம் உங்கள் தலையில். அறைக்கு மட்டும்தான் கூடுதல் என்று நினைப்பார்கள், மருத்துவமனைகள் அறையை வைத்தே மற்றக் கட்டணங்களையும் ஏற்றுவதுண்டு. எனவே மாறும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணப் பட்டியலிலேயே இல்லாத சிகிச்சை என்றால், முன் அனுமதி வராமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பென்ஷன்தாரருக்குப் பட்டியலில் உள்ள மருத்துவமனையில் கேஷ்லெஸ். பணியில் இருப்பவர் சாதாரணமாகக் கட்டிவிட்டுத் துறையிடம் வாங்க வேண்டும். அவசர நிலையில் மட்டும் இந்த வித்தியாசம் கிடையாது. செல்லுபடியாகும் அட்டையைக் காட்டினால், ஊழியரானாலும் ஓய்வு பெற்றவரானாலும் அட்வான்ஸ் கேட்காமல் சேர்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் இரவு பதினோரு மணிக்கு பில்லிங் கவுன்டரில் இருக்கும் பையனுக்கு அது தெரிந்திருக்காது. அவனோடு சண்டை போட்டுப் பயனில்லை. சிஜிஎச்எஸ் பணிகளைக் கவனிக்கும் ஆள் யாரென்று கேட்டு, அவரை வரவழைக்கச் சொல்லுங்கள். நேற்று வரை பட்டியலில் இருந்த மருத்துவமனை இன்று விலகியிருக்கலாம். பில் பாக்கி நிலுவையில் நிற்பதும் கட்டணம் கட்டுபடியாகவில்லை என்ற மனக்குறையும் மருத்துவமனைகளின் பழைய புகார்கள். போதாததற்கு 2025 இறுதியில் ஒப்பந்தங்களையே புதுப்பிக்கச் சொன்னார்கள். திட்டமிட்ட அறுவை என்றால் முதல் நாளே போன் போட்டு, அந்தப் பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற இடத்தில் முட்டி மாற்ற முடியாது.

பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் அவசரமாகச் சேர நேர்ந்தால் சிஜிஎச்எஸ் கட்டணப்படி திரும்பப் பெறலாம். பட்டியலில் பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை மறுக்கக் கூடாது என்று 2018-ல் சிவகாந்த் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அவசரம் என்பது காகிதத்தில் தெரிய வேண்டும். ‘நெஞ்சு வலிக்காகச் சேர்க்கப்பட்டார்’ என்று மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால் கேள்வி வரும். வந்தபோது ரத்த அழுத்தம் எவ்வளவு, இசிஜியில் என்ன, ஏன் உடனே சேர்க்க வேண்டியிருந்தது என்பதோடு, அவசரச் சான்றிதழும் தனியாக வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் முன் அதை வாங்கிவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் அந்த டாக்டரே வேறு ஊருக்குப் போயிருப்பார்.

டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கோரிக்கை போட வேண்டும். அசல் பில்கள், பணம் கட்டிய ரசீது, மருந்து வாரியாகப் பிரித்த விவரம், அட்டை நகல், ரத்து செய்த காசோலை எல்லாம் வேண்டும். ஸ்டென்ட், பேஸ்மேக்கர், செயற்கை மூட்டு வைத்திருந்தால் அதன் உறையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரும் விலைப்பட்டியலும் கட்டாயம். ஃபைல்கள் நின்றுபோவது அதிகமும் இந்தச் சின்ன ஸ்டிக்கரில்தான். அது நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒட்டப்பட்டு மருத்துவமனை ரெக்கார்டு அறைக்குப் போய்விடும், வீட்டாருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வெளியிலும் மெடிக்ளைம் வைத்திருப்பவர் முதலில் அங்கே கேட்டு வாங்கிவிட்டு, காப்பீட்டு நிறுவனம் சான்றளித்த நகல்களோடு மீதியை இங்கே கேட்கலாம். இரண்டும் சேர்ந்து செலவைத் தாண்டக் கூடாது. அட்டைதாரர் இறந்துவிட்டிருந்தால், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையின்மைக் கடிதமும் முத்திரைத்தாளில் பிரமாணமும் சேர வேண்டும்.

2025 ஏப்ரல் 28 முதல் எல்லாம் புதிய கணினி அமைப்பில், பான் எண் அடிப்படையில் நடக்கிறது. அட்டை விண்ணப்பம், சந்தா, டிஸ்பென்சரி மாற்றம் எல்லாவற்றையும் இணையத்திலேயே செய்யலாம், போன் ஆப்பும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். சிக்குவது ஓடிபியில். பழைய பதிவில் இருப்பது மகனின் பத்து வருடத்துக்கு முந்தைய நம்பராக இருக்கும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். பான் அட்டையிலும் பென்ஷன் ஆணையிலும் பெயரின் இனிஷியல் வேறுபட்டிருந்தால் அதையும் சரிசெய்துகொள்ளுங்கள்.

சார்ந்திருப்போர் கணக்கு கொஞ்சம் கறார். சார்ந்திருப்பவரின் மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டக் கூடாது. மகனுக்கு 25 வயது, வேலை, திருமணம் மூன்றில் எது முதலில் வருகிறதோ அதுவரை. மகளுக்கு வயது வரம்பில்லை, வேலையோ திருமணமோ ஆகும் வரை. மாற்றுத்திறனாளி மகனுக்கும் வயது வரம்பு இல்லை.

கடைசியாக, டிஸ்பென்சரி எட்டாத ஊர்க்காரர்கள். பட்டுக்கோட்டையில் இருந்துகொண்டு மாத்திரைக்காகத் திருச்சி போய்வர பஸ் செலவும் ஒரு நாளும் போகும். இவர்களுக்கென்று ஒரு வழி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. புற நோயாளி வசதி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, மாதம் 1,000 ரூபாய் நிலை மருத்துவப்படியைப் பென்ஷனோடு வாங்கிக்கொண்டே, உள்நோயாளிச் சிகிச்சைக்கு மட்டும் பக்கத்து சிஜிஎச்எஸ் நகரத்தில் அட்டை எடுக்கலாம். வருடத்துக்கு 12,000 வருகிறது. லெவல் 6 காரர் கட்டிய 54,000 நாலரை வருடத்தில் திரும்பிவிடும், ஆஸ்பத்திரிப் பாதுகாப்பும் கையில் நிற்கும். பிஎஸ்என்எல்லில் உள்வாங்கப்பட்டு மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர்களும், கம்பெனியின் மருத்துவ அட்டையை ஒப்படைத்துவிட்டு சிஜிஎச்எஸ்ஸுக்கு வரலாம். பின்னால் நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் படியை விட்டுக்கொடுத்துப் புற நோயாளி வசதிக்கு மாறலாம், ஆயுளில் ஒரே ஒரு முறை. ஆகவே மகன் வீட்டில் ஆறு மாதம் தங்கப்போகிறோம் என்பதற்காக அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள்.